கைப்பிடிச் சுவர்

எங்கள் கடைக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டுக்கு அது கட்டிய நாளிலிருந்து ஒரு கோட்டு பெயிண்ட் அடித்ததில்லை. பெயிண்ட் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் கண்ணில் படுவது அந்தச் சாம்பல் நிறச் சிமெண்டுப் பூச்சுதான். மழைக்குக் கறுக்கும், வெயிலுக்கு வெளுக்கும், ஒரு மூலையில் பாசி வரும், போகும். வீட்டுக்காரர் மேஸ்திரி, இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளை எழுப்பியவர். அவர் வீட்டுக்கு இந்தக் கதி. கேட்டால் ஒரே பதில்தான்.

"மாடி வரட்டும் கடைக்காரரே. மேலயும் கீழயும் சேர்த்து ஒரே வேலையா அடிச்சுடலாம்."

அந்த வீட்டில் எல்லாமே மாடி வந்த பிறகுதான். சமையலறைக்கு அலமாரி, மாடி வந்த பிறகு. குளியலறைக் கதவின் அடியில் இற்றுப்போன பலகையை மாற்றுவது, மாடி வந்த பிறகு. மகளுக்குக் கட்டில் வாங்கவில்லை. அவள் அறை மேலே வரப்போகிறது, கனமான கட்டிலைக் கீழே ஒருமுறை போட்டு மறுபடி எதற்கு மேலே தூக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் தரையில் படுத்தே பள்ளிக்கூடம் முடித்து, இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலைக்கும் போகிறாள்.

மாடி என்பது வெறும் வாய்ப்பந்தல் இல்லை. வீடு கட்டும்போதே மேஸ்திரி அதற்கு வேண்டியதைச் செய்து வைத்திருந்தார். தளத்துக்கு மேலே ஒவ்வொரு தூணிலும் கம்பிகளை இடுப்பு உயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார். பின்னால் அதோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டித் தூணை மேலே கொண்டுபோக வேண்டும் என்பது கணக்கு. படிக்கட்டை வெளிப்பக்கமாக ஏற்கெனவே கட்டி முடித்தாயிற்று. எங்காவது பழைய வீட்டை இடித்தால் நல்ல கதவாகப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். பச்சைக் கதவு, நீலக் கதவு, கண்ணாடி போன கதவு என்று பின்பக்கம் சாத்தி வைத்திருந்தார். செங்கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து என் கடைப் பக்கத்துச் சந்தில் அடுக்காக இருந்தது. தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் கட்டவில்லை. எப்படியும் மேலே சுவர் எழும்பும், அன்றைக்கு அதை இடிக்க வேண்டும். இடிக்கப்போகிற சுவரை எந்தக் கொத்தனாராவது கட்டுவானா என்று கேட்பார். அதனால் அத்தனை வருஷமாக அந்தத் தளம் நாலு பக்கமும் மொட்டையாகவே கிடந்தது.

மாடி வேண்டும் என்று முதலில் கேட்டது மேஸ்திரியம்மாதான். கல்யாணத்துக்கு முன் அவள் சித்தாள். அவர் கரண்டி பிடித்த கட்டடத்தில் இவள் கலவை சுமந்தாள். அவர் வந்து பெண் கேட்டபோது இவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். "ஊர்ல உள்ளவங்க மாடிக்கெல்லாம் நான்தான் கல்லு சுமந்தேன். எனக்குன்னு ஒரு மாடி கட்டிக் குடுப்பீங்களா?" அவர் சரியென்றார். இதை அவர்கள் இருவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், வெட்கப்பட்டுக்கொண்டே.

இப்படி ஒரே குறியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் பிள்ளைகள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். தெருக்கோடியில் ஒரு தையல் ஃபேக்டரி இருக்கிறது. அங்கே மெஷினில் உட்காரும் ஒருத்தி ஒரு நாள் காலையில் இடுப்பில் பிள்ளையோடு மேஸ்திரியம்மாவிடம் ஓடி வந்தாள். நான் அப்போதுதான் கடை வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்குங்க. எங்க அத்தைக்கு உடம்பு முடியல. சாயங்காலம் வந்து தூக்கிக்கறேன்."

அந்த அத்தைக்கு உடம்பு சரியானதா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிள்ளை மறுநாளும் வந்தது. உருண்டு திரண்ட பெண் குழந்தை; தெருவே அதைப் பூசணி என்றுதான் கூப்பிட்டது. அடுத்து பக்கத்து மெஷின்காரியின் பையன். அப்புறம் அவளுடைய நாத்தனாரின் இரட்டைப் பிள்ளைகள். கொஞ்ச நாளில் மேஸ்திரியம்மாவின் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. நான் ஒரு நாள் கிண்டலாகக் கேட்டேன்.

"என்னம்மா, பள்ளிக்கூடம் திறந்துட்டீங்களா?"

"அட நீங்க வேறண்ணே. சும்மா பாத்துக்கறேன். மாடி வேலை தொடங்கினா அனுப்பிடுவேன்."

மேஸ்திரி அந்தச் சமயம் பக்கத்து ஊரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், சாப்பிட்டுப் படுப்பார், திங்கட்கிழமை விடியும் முன் போய்விடுவார். பிள்ளைகள் வருவது அவருக்குத் தெரியும். எத்தனை என்று தெரியாது. மேலே என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் முட்டி வலி என்று அவர் படி ஏறுவதே இல்லை.

மேலே நடந்தது இதுதான். வெயில் காலத்தில் முன்னறை அடுப்பாகக் கொதித்தது. மேஸ்திரியம்மா பிள்ளைகளைத் தளத்துக்குக் கொண்டுபோனாள். மொட்டைத் தளத்தில் தவழ்கிற பிள்ளைகளை விட முடியுமா. பின்பக்கம் சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிப்போய் ஓரமாக வரிசையாக நிறுத்தித் தூண் கம்பிகளோடு கயிறு போட்டுக் கட்டினாள். கம்பிக்குக் கம்பி தார்ப்பாய் இழுத்து நிழல் போட்டாள். கீழே என் கடையிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு உச்சியில் சுற்றிலும் கதவுகள், எல்லாம் சாத்திய கதவுகள், உள்ளேயிருந்து பிள்ளைகளின் கூச்சல். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். மாடிக்கு வேண்டிய கதவுகளை முன்கூட்டியே மேலே ஏற்றி வைத்திருக்கிறாள் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் என் கடைக்கு வந்து ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு பைப் கேட்டாள். துணி காயப்போட என்று நினைத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரி சென்ட்ரிங்காரரோடு என் கடை வாசலில் வந்து நின்றார். சென்ட்ரிங்காரர் என்றால் கான்கிரீட் போடப் பலகை அடிப்பவர். வாய் மூடாத மனிதர்.

"கடைக்காரரே, நீங்களும் வாங்க. மேல போய் அளந்துட்டு வந்துடலாம். ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் உங்ககிட்டதானே" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். மாடி வந்தால் பெயிண்ட் வரும்.

சென்ட்ரிங்காரர் விறுவிறுவென்று முன்னால் ஏறினார். மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"என்ன மேஸ்திரி இது, கதவுக்கடை போட்டிருக்கீங்க?" என்றார் சென்ட்ரிங்காரர்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. தரையில் பாய், ஒரு வாளி, உருட்டி விளையாடும் டப்பாக்கள். மேஸ்திரி கதவுகளைப் பார்த்தார். பச்சைக் கதவு வெயிலில் வாய் பிளந்திருந்தது. பிறகுதான் கம்பிகளைப் பார்த்தார். எல்லாத் தூண்களிலும் கம்பிகள் குடையின் கைப்பிடி மாதிரி தலைகீழாக வளைந்து கிடந்தன. முனையில் துணி சுற்றியிருந்தது.

"யார் வளைச்சது?"

மேஸ்திரியம்மா டீ டம்ளர்களோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். "நான்தான்."

"எதை வெச்சு?"

"பைப்பை மாட்டி அழுத்தினேன். அண்ணன் கடையில வாங்கின பைப்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயை வாங்கிக் குடிக்கத் தொடங்கினேன்.

சென்ட்ரிங்காரர் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "நிமித்திக்கலாம் மேஸ்திரி. யாரு பாக்கப் போறாங்க."

"ஒரு தடவை வளைஞ்சு நிமித்தின கம்பி உள்ளுக்குள்ள விட்டுப்போயிருக்கும். அது மேல நிக்கிற வீட்டுல என் பொண்ணைத் தூங்க வைக்க மாட்டேன்."

"அப்ப தூணைக் கொத்தி, அடியிலேர்ந்து நல்ல கம்பியை வெளிய எடுத்து, புதுசா சேக்கணும். வேலை இழுக்கும். மழை வேற வருது. யோசிச்சுச் சொல்லுங்க." சென்ட்ரிங்காரர் வாய் மூடியதை அன்றுதான் பார்த்தேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். ஆனால் டம்ளர் கையில் இருந்தது, டீ ஆறவில்லை, புருஷன் பெண்டாட்டி இருவரும் படிக்கு நேரே நின்றார்கள்.

"கம்பி முனை பட்டுப் பிள்ளைக்கு நெத்தியில கீறிடுச்சுங்க. நூலளவுதான். ரத்தம் வந்துடுச்சு" என்றாள் அவள்.

"சாக்கைச் சுத்தி விடறது."

"சுத்தினேன். அவுத்துட்டாங்க."

"கீழயே வெச்சுப் பாத்துக்கறது."

"கீழ எங்க இடம்? முன்னறையில பாதிக்கு மேல சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கீங்க."

"நான் யாருக்கு அடுக்கினேன்?"

மேஸ்திரி குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேலை தெரியாதவ செஞ்சிருந்தா விட்டுடுவேன். நீ கம்பி கட்டுற இடத்துல நின்னவ. வளைச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"அதான் தெரியல."

"என்ன தெரியல?"

"வளைக்கும்போது பிள்ளை நெத்திதான் கண்ணுல இருந்துச்சு. மாடி ஞாபகமே வரல. எல்லாத்தையும் வளைச்சு முடிச்சுட்டுக் கீழ இறங்கி அரிசி களையும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் என்ன பண்ணிட்டேன்னு உக்காந்துட்டேன். அப்பவும் அழுகை வரல. அது ஏன் வரலன்னுதான் எனக்கு விளங்கல."

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே."

"வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? கேட்டதே நான்தான். இப்பவும் வேணும்."

"அப்ப பிள்ளைங்களை அனுப்பு."

"அனுப்பிடறேன்."

அவள் அதை அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை போல. இருவரும் பேச்சு முடிந்தும் அங்கேயே நின்றார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் புகுந்து இறங்கினேன்.

மத்தியானம் மகள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒன்றும் வாங்க வரவில்லை.

"வீட்டுல இருக்க முடியல மாமா. அப்பா கூப்பிட்டு, உனக்கு மேல ரூம் வேணுமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேணும்னா அம்மா அழுவாங்க. வேணாம்னா அப்பா அழுவாரு. பசிக்குதுன்னு சொன்னேன்."

"நல்ல பதில்."

"சின்ன வயசுல அந்த ரூமை நினைச்சுக்கிட்டேதான் தூங்குவேன். ஜன்னல் எந்தப் பக்கம், பீரோ எந்தப் பக்கம்னு. இப்ப கேட்டா எனக்கே தெரியல மாமா. எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சாலும் கிடைக்கும். அதை நான் இன்னும் வீட்டுல சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் ஆளுக்கொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் மேஸ்திரியம்மா வந்தாள். முந்தின நாள் துவைத்த பிள்ளைகளின் துணி ஒரு மூட்டை கையில் இருந்தது. பிள்ளைகளின் அம்மாக்களிடம் சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பியிருந்தாள்.

"பூசணி வீட்டு வாசல் வரைக்கும் போனேன்ணே. அது என்னைப் பாத்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கிச்சு. துணியைக் குடுக்க வந்தேன்னு சொல்லி ரெண்டு சட்டையைக் குடுத்துட்டுத் திரும்பிட்டேன். மத்த வீடுகளுக்குப் போகல."

"நாளைக்கு வருவாங்களே."

"வருவாங்க. வந்தா என்ன சொல்றதுன்னு தெரியல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குண்ணே. அந்த மனுஷன் ஒரு சிகரெட், ஒரு சினிமா கிடையாது. அத்தனையும் மாடி மாடின்னு சேர்த்து வெச்சாரு. அவரை நினைச்சா வயிறு எரியுது. பிள்ளைங்களை நினைச்சாலும் வயிறு எரியுது. எனக்கு என்னதான் வேணும்ணே?"

என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம். எந்தச் சுவருக்கு எந்த பெயிண்ட் என்று கேட்டால் சொல்லுவேன். "போய்ச் சாப்பிடுங்கம்மா" என்றேன். அந்தக் குடும்பத்துக்கு அன்று எல்லோரும் சாப்பாட்டைத்தான் பதிலாகச் சொன்னோம்.

மறுநாள் திங்கட்கிழமை மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்தே மேகம் மூட்டமாக இருந்தது. வழக்கம்போலப் பெண்கள் பிள்ளைகளை இறக்கி விட்டுவிட்டு ஃபேக்டரி மணிக்கு ஓடினார்கள். மேஸ்திரியம்மா ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி முன்னறையில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. ஒன்று மூட்டையில் ஏறி அவர் மீசையைத் தொட்டுவிட்டு ஓடியது. பிறகு எல்லாம் மேலே போயின.

கொஞ்ச நேரத்தில் அவள் கஞ்சி வைக்கக் கீழே வந்திருக்கிறாள். "அஞ்சு நிமிஷம் மேல போய் உக்காருங்க. அடுப்புல வெச்சுட்டு வந்துடறேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போதுதான் காற்று வந்தது. முதலில் என் கடை முன் தொங்கிய பிரஷ்கள் ஆடின. பிறகு எதிர்வீட்டுத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணாடி போன கதவின் கயிறு அறுந்து, கதவு ஒருமுறை சாய்ந்து நின்று, அப்படியே தெருவில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. யாருமில்லாத இடத்தில் விழுந்தது, அதுவரை நல்லது. நிமிர்ந்து பார்த்தேன். கதவு போன இடத்தில் பூசணி உட்கார்ந்திருந்தாள். தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு கை தூரம். கையில் பிஸ்கட். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மேலே போனபோது மேஸ்திரி தரையில் இருந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. மறுபடி முட்டி போட்டார். முகம் வேர்த்து வெளிறியிருந்தது. நான் ஓட எடுத்த காலை அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஓடாதீங்க. அது விளையாட்டுன்னு நினைச்சு நகந்துடும்."

வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்து, ஊர்ந்து, "இந்தாடா கண்ணு, மாமாவுக்கு ஒரு வாய் குடு" என்று சொல்லிக்கொண்டே போனார். பூசணி யோசித்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் கை அவள் கணுக்காலைப் பிடித்தது. இழுத்த இழுப்பில் பிஸ்கட் தெருவில் விழுந்தது. அதற்குத்தான் அந்தப் பிள்ளை அப்படி அழுதது. மேஸ்திரியம்மா கரண்டியும் கையுமாக மேலே வந்தபோது அவர் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். கண்ணைத் திறக்கவில்லை.

பிள்ளைகளை எல்லாம் கீழே கொண்டுபோய்க் கஞ்சி ஊட்டித் தூங்க வைத்தாயிற்று. மழை தூற ஆரம்பித்தது. வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். உடைந்த கதவை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு நான் அவர்கள் சன்னலின் சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கினேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் அவள்.

"போன மழைக்கு முன்னாடியிலேர்ந்து. உசரத்துல நின்னா சுத்துது. சாரத்துல நிக்கும்போது ஒரு நாள் பக்கத்துல இருந்தவன் பிடிச்சான்."

"வேலைக்குப் போறீங்களே?"

"கீழயே டைல்ஸ் ஒட்டுறேன். தரை வேலை. சின்னப் பசங்களோட சேர்ந்து."

"முட்டி வலின்னீங்க."

"முட்டியும்தான் வலிக்குது."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது. மேஸ்திரிக்குத் தலை சுத்துதுன்னா ஊரு சிரிக்காதா. மாடியை மட்டும் கட்டிட்டா போதும், கீழ வீட்டை வாடகைக்கு விட்டுட்டு மேல உக்காந்துக்கலாம், அப்புறம் சாரமே ஏற வேணாம்னு நினைச்சேன். அதான் அவசரப்பட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மாடியை யாரு ஏறிக் கட்டுறது?"

மேஸ்திரி நனைகிற படிக்கட்டைப் பார்த்தார். "அதை நான் யோசிக்கல" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊருக்கே கணக்குப் போட்டு வீடு கட்டிக் கொடுக்கிற மனிதர், தன் வீட்டுக்கு இதை விட்டுவிட்டாரே என்று எனக்கும் சிரிப்புதான். அவரும் சிரித்தார். அப்புறம் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள், அவர் அவள் முதுகில் கையை வைத்திருந்தார். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று நான் கடைக்கு ஓடினேன்.

மறுநாள் விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குமுன்பே சந்தில் சத்தம் கேட்டது. மேஸ்திரி செங்கல் அடுக்கின் மேல் போட்ட பாயை விலக்கிக்கொண்டிருந்தார். மகள் கல்லை வாளியில் எடுத்து மேலே கொண்டுபோனாள். நானும் இரண்டு நடை தூக்கிக் கொடுத்தேன். கதவு விழுந்த இடத்தில், தெருப்பக்கமாக, அவர் நூல் கட்டியிருந்தார். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கலவையைப் பரப்பி முதல் வரிக் கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு மேஸ்திரியம்மா மேலே வந்தாள்.

"என்னங்க இது?"

"கைப்பிடிச் சுவர்."

"இடிக்கப்போற சுவராச்சே."

"ஆமா."

"அப்ப மாடி?"

"தெரியல. இப்ப கேக்காத. பிள்ளைங்க வர்றதுக்குள்ள இந்தப் பக்கத்தையாவது முடிக்கணும்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வெடித்துவிட்டாள். "வேணாங்க. எடுத்துடுங்க. எனக்காகக் கட்டாதீங்க. எனக்கு மாடியும் வேணும். நான் பொய் சொல்லல. சத்தியமா எனக்கு வேணும்."

"எனக்கும்தான் வேணும்" என்றார் அவர், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கல்லை எடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து அவர் பக்கம் வீசினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார். கல் கையில் வந்து உட்கார்ந்தது. அடுத்த கல். அடுத்தது. மகள் வாளியோடு படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பு நடந்த வேலை அது, அவள் பார்த்ததில்லை.

கல்லுக்கு நடுவே மகள் தன் வெளியூர் விஷயத்தையும் சொல்லிவிட்டாள். கலவை காய்ந்துவிடும் என்பதால் இருவருக்கும் அப்போது அதிர்ச்சியடைய நேரமில்லை. "சரி, சாயங்காலம் பேசலாம்" என்றார் மேஸ்திரி.

தினமும் கொஞ்சமாகச் சுவர் நாலு பக்கமும் வளர்ந்தது. உயரம் எவ்வளவு என்பதற்குப் பூசணியைத்தான் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். தலைக்கு மேல் ஒரு சாண் விட்டார். "இது வளரும்" என்றாள் மேஸ்திரியம்மா. இன்னும் இரண்டு வரி ஏற்றினார். தூண் வந்த இடங்களில் வளைந்த கம்பிகளைச் சுற்றிக் கல்லை வைத்துக் கட்டினார். கம்பித் தலைகள் மட்டும் சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

"அறுக்கற பிளேடு இருக்கு மேஸ்திரி. எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும்" என்றார். நல்ல துணியாகப் பார்த்து மறுபடி அவற்றுக்குச் சுற்றிவிட்டார். கீழே அடியில் நல்ல கம்பி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொத்தி எடுத்தால் வரும்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், சுவர் நன்றாக இறுகிய பிறகு, பிள்ளைகளைத் தூக்கிப்போகப் பெண்கள் இன்னும் வராத நேரம். நான் கடை வாசலில் டப்பாக்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சுவரின் மேல் முதலில் இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. சுவரை அழுத்தி அழுத்திப் பார்த்தன. பிறகு மெதுவாக மேஸ்திரியின் தலை, தோள், மார்பு. முழுசாக எழுந்து நின்றார். தலை சுற்றத் தொடங்கிய பிறகு அவர் உயரத்தில் ஓரமாக எழுந்து நின்றது அன்றுதான். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"கடைக்காரரே."

"என்ன மேஸ்திரி. சுத்துதா?"

"இல்ல. உங்க கடை போர்டு மேல்பக்கம் பூரா பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. பாக்கறதே இல்லையா நீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மேலேர்ந்து பாக்க ஆள் இல்லையே மேஸ்திரி" என்றேன்.

"ஒரு டப்பா எடுத்து வைங்க. இந்தச் சுவருக்கு மட்டும்."

அத்தனை வருஷம் காத்திருந்த வியாபாரம். "என்ன கலர்?" என்று கேட்டேன்.

அவர் கழுத்தைத் திருப்பி உள்ளே கேட்டார். உள்ளே மேஸ்திரியம்மாவும் மகளும் ஏதோ பேசினார்கள், நடுவில் பூசணியும் கத்தினாள். ரொம்ப நேரம் ஆனது. மேஸ்திரி அதுவரை சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் தெரியலயாம்" என்றார். "நாளைக்குச் சொல்றோம்."